கறுப்பு சாம்பலான கதை

தி.நகர்க் கடையொன்றில் 43 அங்குல டிவி வாங்கினேன். "இது எல்சிடி இல்லை சார், எல்இடி" என்று அடித்துச் சொன்னார் விற்பனையாளர். திரை அதே எல்சிடிதான். பின்னால் எரியும் விளக்குதான் எல்இடி. கியூஎல்இடியும் அதே வம்சம், நிறத்தைக் கூட்டும் படலம் ஒன்று கூடுதல். ஓஎல்இடியில்தான் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும்.

இரவில் விளக்கை அணைத்துப் பார்த்தேன். கறுப்பு, சரியாக அழிக்காத கரும்பலகை போலச் சாம்பல் பூத்திருந்தது. எல்சிடியில் ஐபிஎஸ் என்ற வகைத் திரையின் குணம் அது. ஆனால் சுவரோரம் பாயில் சாய்ந்து பக்கவாட்டில் பார்க்கும் அம்மாவுக்கு முகங்கள் வெளிறாமல் தெரிகின்றன. விஏ என்ற இன்னொரு எல்சிடி வகையில் கறுப்பு நன்றாக இருந்திருக்கும், அம்மாதான் முணுமுணுத்திருப்பார்.

கடையில் ஓர் இருட்டுக் காட்சி போடச் சொன்னேன். கிளி பறப்பதையே மூன்று முறை போட்டார்கள்.