மேலே சுடர், கீழே சிவப்பு விளக்கு: ஒரு ஃபர்னஸுடன் 9 குளிர்காலங்கள்

புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான அதே ஃபர்னஸைத் தம் வீட்டுக்கும் பொருத்தலாமா, நாங்கள் எடுத்திருக்கும் அவசரப் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தையே தாமும் எடுக்கலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தார். விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்திருந்த வேளையில், இந்தக் குளிர்காலத்தின் மிகக் கடுமையான இரவில் அந்த ஃபர்னஸ் நின்றுபோனது. பழுது சரியாகி இன்று நான்காவது நாள். என் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டுகிறேன்.

இயந்திரத்தின் அடிப்படைகளை விளக்க வேண்டியதில்லை. எரிவாயுவில் ஓடுவது, 96 விழுக்காடு திறன் கொண்டது, எரிந்த வாயுவிலுள்ள நீராவியைக் குளிரவைத்து நீராக்கி, அதன் வெப்பத்தையும் வீட்டுக்கே தந்துவிடுகிற வகை. இரண்டு நிலைகளில் எரியக்கூடியது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. மிதமான குளிரில் தாழ்நிலையிலேயே நீண்ட நேரம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்; பழைய ஃபர்னஸைப் போல ஒரேயடியாக அனலை வாரி இறைத்துவிட்டு அடங்கிக் கிடப்பதில்லை. ஒரு அறையில் வியர்ப்பதும் அடுத்த அறையில் நடுங்குவதுமாக இருந்த எங்கள் வீடு, இது வந்த பிறகு எல்லா மூலையிலும் ஒரே பதமாக இருக்கிறது. 78 வயதான என் அம்மா, முன்னறையில் தரையில் இருக்கும் காற்றுத் திறப்புக்கருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான காற்று பாதத்தில் படும்படி மாலை முழுவதும் அமர்ந்திருப்பார். ஊதுவிசிறியின் ஓசை அவருடைய பேச்சை ஒருநாளும் மறைத்ததில்லை. இந்த நிறைவை நான் எந்தக் கோபத்திலும் மறுக்க மாட்டேன்.

இதற்கு முன்பும் பழுதுகள் வந்திருக்கின்றன. மூன்றாவது குளிர்காலத்தில் வாயுவைப் பற்றவைக்கும் இக்னைட்டர் போனது. ஆறாவதில், குளிர்ந்து சேரும் நீர் வடியும் வளைகுழாயில் கசடு அடைத்து, நீர் பின்னுக்கு ஏறி, புகை சரியாக வெளியேறுகிறதா என்று பார்க்கும் அழுத்த சுவிட்ச் மூட மறுத்தது. ஒருமுறை பனிப்புயலில் வெளிச்சுவரிலிருக்கும் ஃபர்னஸின் குழாய்வாய் பனியால் மூடிக்கொண்டது. அதை நானே கையால் விலக்கினேன். இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. தேய்கிற பொருள் தேயத்தான் செய்யும். காற்று ஃபில்டரை மறக்காமல் மாற்றுவது, குழாய்வாயைத் திறந்து வைத்திருப்பது போன்றவை வீட்டுக்காரரின் பொறுப்பு.

என் குறை வேறு. இந்த இயந்திரம் நின்றுபோனால், நின்றுபோனேன் என்று சொல்வதில்லை.

அன்றிரவு வெளியே மைனஸ் 27 டிகிரி. படுக்கப் போகும் முன், வீட்டுக்கு வேண்டிய வெப்பநிலையை வைக்கும் கருவியான தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். 21 வைத்திருந்தோம், 19 காட்டியது. பக்கத்தில் சிறிய சுடர்ப் படம் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் படம் இருந்தால் வீடு சூடேறிக்கொண்டிருக்கிறது என்றுதான் 9 ஆண்டுகளாக நான் பொருள் கொண்டிருந்தேன். இத்தனை குளிரில் ஃபர்னஸ் சற்றுத் திணறுகிறது போலும் என்று எண்ணி உறங்கிவிட்டேன். அதிகாலை 3 மணிக்கு மூக்கு நுனி சில்லிட்டு விழிப்பு வந்தது. தெர்மோஸ்டாட் 15 காட்டியது. சுடர்ப் படம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

பிறகுதான் அந்தப் படத்தின் உண்மையான பொருள் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டிலுள்ளது போன்ற சாதாரண தெர்மோஸ்டாட்டிலிருந்து கீழே இறங்கும் கம்பிகளில் ஓடுவது வெறும் 24 வோல்ட் மின்சாரம். அது செய்யக்கூடியதெல்லாம் "சூடு வேண்டும்" என்று கேட்பது மட்டுமே. கேட்டது கிடைத்ததா என்று அறிய அதற்கு வழியே இல்லை. ஆகவே அந்தச் சுடர், ஃபர்னஸில் எரியும் சுடரின் அடையாளம் அன்று. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதன் அடையாளம். அதற்குச் சுடரின் படத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மீது எனக்குள்ள மனக்குறை சிறிதன்று.

கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். ஃபர்னஸ் அமைதியாக நின்றது. அதன் கீழ்க்கதவில் கட்டைவிரல் நகத்தளவு கண்ணாடித் துளை ஒன்று உண்டு. அதற்குள் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு எண்ணினேன்: ஆறு முறை மின்னல், சிறு இடைவெளி, மறுபடி ஆறு. ஆறுக்கு என்ன பொருள் என்று சொல்லும் அட்டவணை கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கதவைக் கழற்றினால் பாதுகாப்பு சுவிட்ச் விடுபட்டு மின்சாரம் நின்றுவிடும், விளக்கும் அணைந்துவிடும். எண்ணும்போது பொருள் தெரியாது, பொருளைப் படிக்கும்போது எண்ண விளக்கு இருக்காது என்ற இந்த அமைப்பை, வடிவமைத்தவர்கள் ஒரு குளிர்கால இரவில் தம் வீட்டில் ஒரேயொரு முறை சோதித்துப் பார்த்திருந்தால் மாற்றியிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கதவை மாட்டியதும் இயந்திரம் புதிதாகத் தொடங்கியது. அதன் வரிசை எனக்குச் செவிவழியே மனப்பாடம். முதலில் புகையை வெளியே தள்ளும் சிறு விசிறியின் இரைச்சல். அழுத்த சுவிட்ச் மூடும் மெல்லிய ஒலி. இக்னைட்டர் செந்தணலாகப் பழுக்கும் வரை சில நொடி மௌனம். பின் வாயு வால்வு திறக்கும் சத்தம், "புஸ்" என்று நீலச் சுடர். அன்றும் எல்லாம் முறைப்படி நடந்தன. சுடர் அழகாகவே எரிந்தது. நான்கு நொடிகளில் வால்வு மூடிக்கொண்டது. மீண்டும் முயன்றது, மீண்டும் மூடிக்கொண்டது. சில முயற்சிகளுக்குப் பிறகு தன்னைப் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்குக்குத் திரும்பியது.

அவசர எண்ணை அழைத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பெண்மணி பேசினார். அதைப் பாராட்டியே ஆக வேண்டும். வாயு வாடை வருகிறதா, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலித்ததா, ஃபில்டர் எப்போது மாற்றியது, வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டு மறுபடி மறுபடி முயல வேண்டாம், எரியாத வாயு உள்ளே சேராமலிருக்கத்தான் அது தன்னைப் பூட்டிக்கொள்கிறது என்று பொறுமையாக விளக்கினார். 4 மணி நேரத்துக்குள் ஆள் வருவார் என்றார். ஆறரை மணி நேரம் ஆனது. அந்த இரவில் எத்தனை வீடுகளிலிருந்து அழைப்பு போயிருக்கும் என்பதை நான் உணராமல் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் "24 மணி நேரச் சேவை" என்பதற்கு, 24 மணி நேரமும் தொலைபேசியை எடுப்பார்கள் என்பது மட்டுமே உறுதியான பொருள் என்று நான் பணம் கட்டும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் செய்தவை இவை. எல்லோரும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். சிறிய மின்சூடேற்றியை நீட்டிப்புக் கம்பியில் அல்லாமல் நேராகச் சுவர்ச் செருகியில் மாட்டி, திரைச்சீலையிலிருந்தும் போர்வையிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன். சமையலறை அடுப்பை எரியவிட்டு வீட்டைச் சூடாக்கும் யோசனையை, அதன் புகை உயிருக்கே ஆபத்து என்பதால், உடனே நிராகரித்தேன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடும். குழாய் வெடித்தால் ஃபர்னஸ் பழுதைவிடப் பெரிய செலவு. எனவே வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களை நூல்போல ஒழுகவிட்டு, தொட்டிகளுக்கு அடியிலிருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தேன். அம்மா மூன்று போர்வைக்குள் இருந்துகொண்டு, "விடிஞ்சா வந்துடுவான், நீ கொஞ்சம் உக்காரு" என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். காலை ஒன்பதரைக்கு வீடு 10 டிகிரியில் இருந்தது.

வந்த பழுதுபார்ப்பவர் இரவு முழுவதும் உறங்காதவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. கதவைக் கழற்றி, பாதுகாப்பு சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த ஒரு பொத்தானைச் சில நொடி அழுத்தினார். அது நினைவில் வைத்திருந்த பழைய பழுதுகளை ஒவ்வொன்றாக மின்னிக் காட்டியது. எல்லாம் ஆறு. அப்படியொரு பொத்தான் இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தரும் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு சுடர் உணரியை, அதாவது ஃப்ளேம் சென்சாரைக் காட்டினார். விரல் நீளமுள்ள ஒரு மெல்லிய உலோகக் கம்பி, பீங்கான் பிடியில் பொருத்தியது, ஒரே ஒரு திருகில் நிற்பது. அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்சாரம் கொடுத்தால், சுடரின் வழியே அது ஒருதிசை மின்னோட்டமாகி மைக்ரோ ஆம்பியர் அளவில் கசிகிறது. அந்தக் கசிவு தெரிந்தால்தான் உள்ளே உண்மையில் சுடர் இருக்கிறது என்று பலகை நம்பும். கம்பியின் மீது கண்ணாடி போன்ற மெல்லிய படலம் படிந்துவிட்டால் கசிவு குறைந்துபோகும். சுடர் எரிந்துகொண்டிருந்தும் இல்லை என்று முடிவு செய்து வாயுவை நிறுத்திவிடும். மீட்டரை இணைத்துக் காட்டினார்: 0.4 மைக்ரோ ஆம்பியர். கம்பியைக் கழற்றி, மெல்லிய இரும்பு நாரால் நாலு இழுப்பு இழுத்து, துடைத்து மாட்டினார். 3.9. முழு வேலைக்கும் 10 நிமிடம் ஆகவில்லை. நீலச் சுடர் நின்று எரிந்தது. சற்று நேரத்தில் ஊதுவிசிறி ஓடத் தொடங்கியது.

இது நேற்றிரவு மட்டும் நடந்ததாக இருக்காது என்று அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. பூட்டிக்கொண்ட ஃபர்னஸ் ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே மறுபடி முயலும். மிதமான குளிரில் அந்த ஒரு மணி நேரத்தில் வீடு ஒரு டிகிரி இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த முயற்சியில் எப்படியோ பிடித்துக்கொண்டால் பழுது மறைந்துவிடும். கடுங்குளிர் வந்த இரவில்தான் அந்த மறைப்பு விலகுகிறது. அப்படியானால், சில வாரங்களாகவே இந்த இயந்திரம் தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறது. தடுமாறுகிறேன் என்பதைப் பலகை அறிந்திருந்தது. கணக்கு வைத்து, நினைவிலும் பதித்திருந்தது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு விளக்கை வைத்து, அதையும் யாரும் போகாத கீழ்த்தளத்தில், ஒரு கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு கருவி தன் மின்கலம் தீரப்போகிறது என்பதற்கே கீச்சிட்டு ஊரைக் கூட்டுகிறது. ஒரு குடும்பத்தின் வெப்பம் நின்றுபோனதற்கு ஒரு சிறு ஒலிகூட எழுப்பாத இயந்திரத்தை, அதன் திறன் எத்தனை விழுக்காடாக இருந்தாலும், நிறைவானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சேவை நிறுவனத்தின் மீதும் ஒரு குறை உண்டு. இலையுதிர்காலத்தில் வருடாந்தரப் பராமரிப்புக்கு வந்தவர் விட்டுச்சென்ற தாளை எடுத்துப் பார்த்தேன். "சுடர் உணரி சுத்தம் செய்யப்பட்டது" என்ற வரிக்கு நேரே சரிக்குறி இருக்கிறது. அந்தத் தாளையும் கம்பியிலிருந்த படலத்தையும் சேர்த்து, அன்று வந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டினேன். தம் சக ஊழியரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. செய்திருப்பார் என்று பூசி மெழுகவும் இல்லை. தாளை ஒருமுறை படித்துவிட்டு, என்னிடம் ஓர் ஒட்டுத்தாள் கேட்டு வாங்கி, அதில் தேதியையும் 3.9 என்ற எண்ணையும் எழுதிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார். அடுத்த முறை யார் வந்தாலும் மீட்டரை வைத்து இந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள், சரிக்குறியை ஏற்காதீர்கள் என்றார். ஒப்பந்தத்துக்கு நான் கட்டிய பணத்துக்கு 9 ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய பயன் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. இந்த ஃபர்னஸ் 9 குளிர்காலங்களில் மூன்று முறைதான் பழுதுபார்ப்பவரை அழைக்கவைத்தது, வெப்பம் சீரானது, ஓசை குறைவு, செலவிலும் எனக்கு மனக்குறை இல்லை. இருந்தும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். பழுதானால் தெர்மோஸ்டாட்டுக்கும் தொலைபேசிக்கும் தகவல் அனுப்பும் வகைகள் இருக்கின்றன. திறன் ஓரிரு விழுக்காடு குறைந்தாலும் அவற்றில் ஒன்றையே பாருங்கள். ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, பொய்யான சரிக்குறியைப் போட்ட அதே நிறுவனத்திடம் நேற்று அதைப் புதுப்பித்துவிட்டேன். அந்த மனிதர் அங்கே வேலை செய்கிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஒருவேளை இதே இயந்திரம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், இன்றைக்கே கதவைக் கழற்றி அட்டவணையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 16 டிகிரிக்குக் கீழே போனால் ஒலிக்கும் தனி எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறையில் வையுங்கள். எங்கள் வீட்டில் அதை அம்மாவின் கட்டிலுக்கு அருகே வைத்திருக்கிறேன். அந்தச் சுடர்ப் படத்தின் மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டேன்.