டோட் லேன் 31: 28 பேர் திறந்த மளிகைக் கடை

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடக்கே, ரயிலிலோ டிராமிலோ எளிதாகப் போய்ச் சேரக்கூடிய ஊர் ராச்டேல். அங்கே டோட் லேன் என்னும் பழைய தெருவில் 31ஆம் எண் கட்டடம், 1931 முதல் ராச்டேல் முன்னோடிகள் அருங்காட்சியகமாக இருந்து வருகிறது. 1844 டிசம்பர் 21ஆம் நாள், ஆண்டின் மிக நீண்ட இரவுகளில் ஒன்றில், இக்கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்னாளில் ராச்டேல் முன்னோடிகள் என்று அழைக்கப்பட்ட 28 தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு மளிகைக் கடையைத் திறந்தார்கள். உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் விதிகளுக்கு மூலமாகக் காட்டுவது இந்தக் கடையைத்தான். ஆகவே இதை அருங்காட்சியகம் என்பதைவிட ஒரு கடையாகவே பார்த்து மதிப்பிட விரும்புகிறேன்: என்ன விற்றது, எப்படி விற்றது, யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்விகளே இங்கு நிற்கும்போது மனத்தில் எழுகின்றன.

முன்னறை அக்காலக் கடையைப் போலவே அமைக்கப்பட்டிருக்கிறது. பீப்பாய்களின் மேல் பலகை போட்ட விற்பனை மேடை, தராசு, எடைக்கற்கள், சில மூட்டைகள், அவ்வளவுதான். அந்த வெறுமை உண்மைக்கு மிக நெருக்கமானது. முதல் நாள் சரக்கு 28 ராத்தல் வெண்ணெய் (சுமார் 13 கிலோ), 56 ராத்தல் சர்க்கரை (25 கிலோ), 300 கிலோவுக்குச் சற்று மேல் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி என்பதோடு முடிந்துவிட்டது. நம் ஊரில் தெருமுனைப் பெட்டிக்கடையில்கூட இதைவிட அதிக வகைகள் இருக்கும். கடைக்கு எரிவாயு விளக்கு வசதி கிடைக்காததால் அன்று இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் வியாபாரம் நடந்தது என்றும், தெருவில் கூடிய ஆலைச் சிறுவர்கள் கேலி செய்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அந்தப் பலகையின் முன் நின்றபோது, கதவைத் திறக்க அந்த மனிதர்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது எனக்கு விளங்கியது.

கடையின் முதலீடு 28 பவுன் (பிரிட்டிஷ் பணம்). ஆளுக்கு ஒரு பவுன். கம்பளி நெசவாளர்களும் மரக்காலணி செய்பவர்களும் அடங்கிய அந்தக் கூட்டத்துக்கு ஒரு பவுன் சிறிய தொகை அன்று. வாரத்துக்கு இரண்டு பென்னி, பிறகு மூன்று பென்னி என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பணம் அது. கூலி உயர்வு கேட்டு நடத்திய போராட்டம் தோற்றுப்போயிருந்தது. வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் மனுவை 1842இல் நாடாளுமன்றம் புறக்கணித்திருந்தது. கூட்டுறவு வாழ்வை வலியுறுத்திய சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் கருத்துகளில் ஊறியவர்களும் சார்ட்டிஸ்டுகளும் அந்தக் குழுவில் கலந்திருந்தார்கள். ஆலை முதலாளியிடமும் அரசிடமும் கேட்டுக் கிடைக்காததைத் தங்கள் அன்றாடச் செலவிலிருந்தே உருவாக்கிக்கொள்ள முடியுமா என்று அவர்கள் பார்த்தார்கள்.

இந்தக் கடையின் உண்மையான சரக்கு நேர்மையான எடையும் கலப்படமற்ற மாவும்தான் என்பது என் முடிவு. மாவில் சுண்ணாம்புத் தூளையும் படிகாரத்தையும் கலப்பதும், காய்ச்சி வடித்த தேயிலையை உலர்த்தி மறுபடி விற்பதும் அந்நாளில் வெகு சாதாரணம். உணவுக் கலப்படத்தைத் தடுக்க பிரிட்டனில் முதல் சட்டம் 1860இல்தான் வந்தது. அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பலகைக்குப் பின்னால் நின்றவர் கலப்படமில்லாத மாவை எடைபோட்டுக் கொடுத்தார். கூலியைப் பணமாகத் தராமல் முதலாளியின் கடைச் சரக்காகத் தரும் வழக்கத்தை 1831ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் அது பல இடங்களில் தொடர்ந்தது. பற்று வைத்து வாங்குகிறவர் விலையைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ பேச முடியாது என்பது, மாதக் கடைசியில் கணக்கு நோட்டோடு மளிகைக் கடை வாசலில் நின்ற எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். அந்தக் கட்டை அறுக்கவே இவர்கள் ரொக்கத்துக்கு மட்டும் விற்பது என்று விதி வகுத்தார்கள்.

இந்த விதியில் ஒரு கடுமை இருந்ததையும் சொல்லியாக வேண்டும். கையில் காசே இல்லாத பரம ஏழைக்கு இந்தக் கடை கதவடைத்தது. அவர் பழைய கடைக்காரரிடமே கடனுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் கடன் கொடுத்து மூழ்கிப்போன முந்தைய கூட்டுறவுக் கடைகளை நினைத்துப் பார்க்கும்போது, வேறு வழியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பங்கீட்டு முறைதான் இவர்களுடைய மிகச் சிறந்த ஏற்பாடு. இலாபத்தை முதலீட்டுக்கு ஏற்பப் பிரிக்காமல், முதலுக்கு வரம்புக்குட்பட்ட வட்டியை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை யார் எவ்வளவு வாங்கினார்களோ அதற்கேற்பத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பவுனுக்கு ஒரு ஷில்லிங் ஈவு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்கு மாவும் வெண்ணெயும் வாங்கிய குடும்பத்துக்குப் பத்து ஷில்லிங், அதாவது அரைப் பவுன், சாப்பிட்டதாலேயே சேமிப்பாகிவிடும். பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். 1845 முடிவில் உறுப்பினர்கள் 74 பேர்; 1850இல் 600; 1860இல் 3,450. அந்த 1860ஆம் ஆண்டின் விற்பனை 1,52,063 பவுன். வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் தங்கள் கடைக்குள்ளேயே அந்த உரிமையை நடத்திக்காட்டினார்கள். அதுவும் பெண்களைச் சேர்த்து. திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை இங்கிலாந்துச் சட்டம் 1870க்கு முன் தரவில்லை. இங்கோ எலைசா பிரியர்லி என்பவர் 1846லேயே உறுப்பினராகிவிட்டார். இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கி, நூலகமும் படிப்பறையும் நடத்தியதையும் இங்கே மறக்க முடியாது.

சங்கத்தின் தொடக்க விதிகளைப் படிக்கும்போதுதான் அவர்களுடைய கனவின் அளவு தெரிகிறது. கடை வைப்பது முதல் படி மட்டுமே. வீடுகள் கட்டுவது, வேலையிழந்தவர்களுக்கு வேலை தரும் தொழிற்கூடங்கள் அமைப்பது, நிலம் வாங்கிப் பயிரிடுவது, கடைசியில் தன்னிறைவு பெற்ற ஒரு குடியிருப்பையே நிறுவுவது என்று அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அந்தக் குடியிருப்பு அமையவில்லை. 1850களில் அவர்கள் தொடங்கிய கூட்டுறவு ஆலையில் தொழிலாளர்களுக்கும் இலாபத்தில் பங்கு தரப்பட்டது. பிறகு பங்கு வாங்கிச் சேர்ந்தவர்கள் பெரும்பான்மையாகி, 1862இல் தொழிலாளர்களுக்குத் தந்த இலாபப் பங்கை வாக்கெடுப்பின் மூலம் நிறுத்திவிட்டார்கள். கடையின் வெற்றியைப் பாராட்டுகிறவர்கள் இந்தத் தோல்வியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாங்குபவரின் உரிமையைக் காப்பாற்றிய அதே இயக்கத்தால் உழைப்பவரின் உரிமையை ஆலைக்குள் காப்பாற்ற முடியவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் அந்நியமானதன்று. 1904இல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் ராச்டேல் வழியைப் பின்பற்றி நடந்த நுகர்வோர் கூட்டுறவு. நம் ஊர் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதும் கூட்டுறவுச் சங்கங்களே. அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது நாம் பார்க்கும் தராசுக்கும் டோட் லேனின் தராசுக்கும் உறவு உண்டு.

கட்டடம் சிறியது, அவசரமில்லாமல் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். மான்செஸ்டரில் தொழிற்சங்கப் பதாகைகளைப் பாதுகாக்கும் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தையும் அதே பயணத்தில் பார்க்க நினைப்பவர்கள், காலையில் அதை முடித்துக்கொண்டு பிற்பகலில் ராச்டேலுக்கு வருவது நல்லது. தெருவில் பதாகை பிடித்துத் தோற்றவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதற்கு விடை அந்தப் பலகையின் மேல் இருக்கிறது.