கிளிநொச்சிப் பின்னேர இங்கிலீஷ் வகுப்பு: 'குட்' படிக்கக் காசு கட்டலாமா?

முதலில் சுருக்கம். ஓ.எல். சோதனையில் இங்கிலீஷுக்கு எப்படியோ ஒரு எஸ், அதாவது வெறும் பாஸ், எடுத்து, வேலைக்குப் போய், அங்கே வரும் மின்னஞ்சலைப் பார்த்து முழிக்கிற ஆக்களுக்கு இந்த வகுப்பு கட்டின காசுக்குப் பெறுமதி. பிள்ளைக்குச் சோதனைக்கான ரியூசன் தேடுகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். ஏபிசிடியிலிருந்து தொடங்க வேண்டியவர்களும் வராதேங்கோ. பின் வாங்கிலில் இருந்து கொட்டாவி விடுவதுதான் மிஞ்சும்.

வகுப்புக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் நடத்துகிறார். ஒழுங்கை முகப்பில் இருக்கும் பலசரக்குக் கடையில் "ரீச்சரின்ர வகுப்பு" என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். சனி, ஞாயிறு பின்னேரம். மாதம் 2,000 ரூபாய். வருகிற எல்லாரும் உழைக்கிற சனம்: பாங்க் கவுண்டரில் நிற்கும் தங்கச்சி, அறிவியல்நகர் வளாகத்தில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒருவர், ஓட்டோ ஓடும் அண்ணை, லான்ட்மாஸ்ரருக்கும் ட்ரக்ரருக்கும் பாட்ஸ் விற்கும் கடையில் ஓடரும் கணக்கும் பார்க்கிற நான்.

மற்ற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் காலங்களின் அட்டவணை எழுதித் தருவார்கள், மனப்பாடம் செய்வோம், மறப்போம். இந்த ரீச்சர் ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். நான் போன தொகுதிக்கு வாய்த்தது 'குட்'டும் அதன் சொந்தக்காரரும். தொடக்கத்திலேயே ஓட்டோ அண்ணை கேட்டுவிட்டார்: "குட் எண்டா நல்லம். அதுக்கு என்னத்துக்கு ரீச்சர் இவ்வளவு நாள்?"

"நல்ல பாம்பு கடிச்சா ஆள் தப்புமோ தம்பி?"

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. ரீச்சர் சிரிக்கவில்லை. "புளியம்பொக்கணை நாகதம்பிரானிட்டப் போற சனத்தைக் கேளுங்கோ, ஏன் அதை நல்லது எண்டு சொல்லுறீங்கள் எண்டு" என்றவர், எங்கள் வாயிலிருந்தே பட்டியலை இழுத்து எடுத்தார். நல்ல தண்ணி என்றால் உவரில்லாத, குடிக்கிற தண்ணி. நல்லா வாங்கினான் என்றால் அடி. நல்ல வெயில் என்றால் தலை பிளக்கிற வெயில். "நல்லது, அப்ப வாறன்" என்றால் எழும்பிப் போகிறார் என்று அர்த்தம். இவ்வளவையும் நாங்கள் யோசிக்காமலே பிரித்து விளங்கிக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரரும் அப்படித்தானே என்று சொல்லிவிட்டு வெண்கட்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சரக்கு. 'குட்ஸ்' என்றால் சாமான்கள். 'ஃபோர் குட்' என்றால் ஒரேயடியாக, திரும்பி வராமல். 'எ குட் டூ அவர்ஸ்' என்றால் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல். 'அஸ் குட் அஸ் நியூ' என்று ஒரு சாமானைச் சொன்னால் அது புதிதில்லை. 'மேக் குட்' என்றால் நட்டத்தை ஈடுகட்டுதல். 'குட் ஃபோர் தேர்ட்டி டேய்ஸ்' என்றால் முப்பது நாளைக்குச் செல்லும். ஓட்டோ அண்ணை இந்த இடத்தில் தொடையில் தட்டினார். லண்டனிலிருந்து லீவுக்கு வந்த பொடியன் ஒருவனை ஏற்றிக்கொண்டு திரிந்தபோது, வழியில் தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டாராம். அவன் 'ஐ ஆம் குட்' என்றானாம். நல்லவன் என்று தன்னையே புகழுகிறானே என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியை வாங்கி நீட்டினாராம். வேண்டாம் என்பதை அவன் அப்படித்தான் மரியாதையாகச் சொல்லியிருக்கிறான்.

எனக்கு மிகவும் பயன்பட்டது தரவரிசைப் பாடம். ரீச்சர் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு கீறி ஒரு முனையில் 1, மறுமுனையில் 70 என்று போட்டார். பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் பாவிக்கும் அளவுகோல் அது. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் 1949இல் கொண்டுவந்தது. 'குட்' எங்கே வரும் என்று கேட்டார். பாங்க் தங்கச்சி 50 என்றாள், நான் 60 என்றேன். ரீச்சர் 4இல் ஒரு புள்ளி வைத்தார். 8 'வெரி குட்', 12 'ஃபைன்'. 'குட்' என்று எழுதின நாணயம் முகம் தேய்ந்து, என்ன காசு என்று மட்டும் தெரிகிற நிலையில் இருக்கும். பழைய புத்தகம் விற்கிறவர்களிடமும் 'ஃபைன்', 'வெரி குட்' இரண்டுக்கும் கீழேதான் 'குட்' வரும். எங்கள் ஓ.எல். பெறுபேற்றிலும் 'வெரி குட் பாஸ்' என்பது பி தானே, ஏ இல்லையே! 'குவைட் குட்' இன்னும் கரைச்சல். அமெரிக்கர் சொன்னால் மெச்சுகிறார், இங்கிலாந்துக்காரர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை'தான்.

பழைய கதைகளும் சொல்லுவார். கொஞ்சம் கூடவே சொல்லுவார், ஆனால் அலுக்காது. 'நைஸ்' லத்தீனில் 'அறியாதவன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலீஷுக்குள் வந்தபோது முட்டாள் என்றுதான் அர்த்தம். 'சில்லி' நேர்மாறாகப் போயிருக்கிறது: முன்பு பாக்கியம் பெற்றவன், இப்போது அசடு. பொலிஸ் எழுதும் 'ஃபைன்', சுகம் கேட்டால் சொல்லும் 'ஃபைன்' இரண்டுக்கும் வேர் ஒன்று. 'முடிவு' என்ற லத்தீன் சொல். காசைக் கட்டி விசயத்தை முடித்தால் ஒன்று, குறையில்லாமல் செய்து முடித்தால் மற்றது. 'குட்பை' என்பது 'கடவுள் உங்களோடு இருக்கட்டும்' என்ற வாழ்த்துத் தேய்ந்து வந்தது. அப்படியென்றால் கடவுளுக்கான இங்கிலீஷ் சொல்லும் 'குட்'டும் ஒன்றா என்று பாங்க் தங்கச்சி கேட்டாள். இல்லை, வேர் வேறு என்றார்.

'ஃபெயர்' என்ற சொல்லுக்கு வந்தபோது நான் நிமிர்ந்து இருந்தேன். பழைய இங்கிலீஷில் அதற்கு அழகு என்று பொருள். பிறகு நியாயம், பிறகு ரிப்போட்டில் 'சுமார்'. அழகுக்கும் நியாயத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆய்வுகூடக்காரர் இழுத்தார். கடையில் நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "வடிவாப் பூட்டடா" என்று கத்துகிறேன்! பெல்ட் அழகாக இருக்க வேண்டும் என்றா கத்துகிறேன்? வடிவாச் சாப்பிடு, வடிவாக் கேள், வடிவா எண்ணிப் பார். நாங்களும் அழகை எடுத்துத்தானே ஒழுங்கு என்பதற்குப் பாவிக்கிறோம். இதைச் சொன்னதும் ரீச்சர் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வேலைக்கு உதவுகிறதா? உதவுகிறது. கொழும்பிலிருந்து ரீகண்டிஷன் நீரிறைக்கும் பம்புக்கு ஒரு விலைப்பட்டியல் வந்தது. 'ஃபெயர் கொண்டிஷன்', 'குட் ஃபோர் ஒன் சீசன்' என்று கீழே பொடி எழுத்தில். முதலாளி 'குட்' என்ற சொல்லைக் கண்டுவிட்டு ஓடர் போடு என்றார். ஒரு போகத்துக்கு ஓடும், அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்கள் என்று காட்டினேன். "காலபோகத்துக்கு வாங்கிறவன் சிறுபோகத்துக்கு எங்கட கழுத்தைத்தானே பிடிப்பான்" என்றுவிட்டு வேறு இடத்தில் விலை கேட்கச் சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சி மிகக் குறைவு. வாசிக்கவும் எழுதவும் தெளிவு வருகிறது, ஆனால் கொழும்பிலிருந்து யாராவது ரெலிபோனில் வேகமாகக் கதைத்தால் இன்னும் எனக்கு வியர்க்கிறது. உச்சரிப்பை ரீச்சர் தானே சொல்லிக் காட்டுவதோடு சரி, எங்களைச் சொல்லவைத்துத் திருத்துவதில்லை. தரும் போட்டோக்கொப்பிகளில் வலது ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும். நாலு மணி வகுப்பு நாலு மணிக்குத் தொடங்கி நான் பார்த்ததில்லை. கரண்ட் போனால் மின்விசிறியும் போய்விடும், தகர விறாந்தையில் பங்குனி, சித்திரையில் இருக்க ஏலாது. சேர்ட்டிஃபிக்கேற்றும் இல்லை. நேர்முகப் பரீட்சைக்குக் காட்டத் தாள் வேண்டுமென்றால் வேறு நிறுவனத்தில்தான் சேர வேண்டும். அங்கே 'குட்' எழுதின தாள் தருவார்கள், 4ஓ 60ஓ என்பது உங்கள் பாடு.

அடுத்த தொகுதி தைப்பொங்கல் கழித்து. இந்தமுறை 'கெட்' என்ற சொல்லாம். நான் பதிந்துவிட்டேன். போகிறவர்கள் முதல் நாளே காசைக் கட்டத் தேவையில்லை, ஒரு வகுப்பு இருந்து பார்த்துவிட்டுக் கட்டலாம் என்று ரீச்சரே சொல்லுவார். மணி ஆறானால் நுளம்பு கடி தாங்காது, நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு போங்கோ.