பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போகிறீர்களா? ஐந்து நிமிட ட்ரையலை நம்பி நான் ஏமாந்தது போல் ஏமாறாதீர்கள்

கையில் பணத்தோடு பழைய பைக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டிக்கு 1,38,000 ரூபாய், அதைச் சரிசெய்ய 41,500 ரூபாய். இவ்வளவும் கொடுத்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்து. வேலை துவாக்குடியில். போக வர தினமும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வழியில் திருவெறும்பூரில் மனைவியை இறக்கிவிட வேண்டும். பதினொரு வருடம் 100 சிசி வண்டிதான் ஓட்டினேன். முன்னாலும் பக்கவாட்டிலும் மூடி வரும் முழு ஃபேரிங் போட்ட வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் பழைய வண்டிக் கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுதவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. வண்டியின் கம்பெனிப் பெயரும் வேண்டாம், அதைச் செய்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

300 சிசி, 2018 பதிவு, மீட்டரில் 18,400 கிலோமீட்டர். பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஹேண்டில் கிரிப் புதுசு, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் புதுசு. நன்றாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. "சிங்கிள் ஓனர் சார். ஞாயித்துக்கெழம மட்டும்தான் எடுப்பாங்க" என்றார் கடைக்காரர். நான் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. காலையில் கழுவிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டியதாகச் சொன்னார். ட்ரையல் கேட்டதும், "பெட்ரோல் கம்மியா இருக்கு, அந்த முக்கு வரைக்கும் போயிட்டு வந்துடுங்க" என்று சாவியைக் கொடுத்தார். போய் வந்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. வண்டி அம்பு மாதிரி போனது. மறுநாளே பணத்தை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை பால்பண்ணை சந்திப்பில் மாட்டினேன். அந்த இடம் திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், தஞ்சாவூர் ரோட்டு வண்டி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். பத்து நிமிடம் நின்றும் ஊர்ந்தும் போனதில் ஃபேரிங்குக்குள்ளிருந்து வந்த சூடு வலது தொடையைச் சுட்டது. பேன்ட் துணியைத் தாண்டி எரிந்தது. டெம்பரேச்சர் விளக்கு எரிய ஆரம்பித்த சிறிது நேரத்தில் இனிப்பு கலந்த ஒரு நாற்றம், முன்னாலிருந்து ஆவி. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் முக்கால் மணி நேரம் நின்றேன். மனைவி ஆட்டோவில் போனாள்.

அவளுக்கு அதற்கு முன்பே இந்த வண்டி பிடிக்கவில்லை. பின்சீட் ஒரு சாண் அகலம்தான், அதுவும் மேலே தூக்கிக்கொண்டு இருக்கும். சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காரவே முடியாது. சரி, சுடிதாரில் வருகிறேன் என்றாள். அப்போதுதான் கவனித்தேன், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு இல்லை, பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பியும் இல்லை. ஸ்டைலாகத் தெரிய வேண்டும் என்று கடையில் கழற்றிவிட்டிருந்தார்கள். இரண்டும் இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பின் மட்கார்டையும் வெட்டியிருந்தார்கள். ஒரு மழை நாளில் அவளுடைய துப்பட்டாவிலிருந்து கழுத்து வரை சேறு. துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் போனதே பெரிய விஷயம். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

தென்னூரில் எனக்குப் பல வருடம் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணவில்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, அது போய் இடித்து நிற்கும் இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பக்கம் பெயின்ட் முழுசாக இருந்தது. மறுபக்கம் இரும்பு நசுங்கி, அதன் மேல் புது பெயின்ட். "தம்பி, இது விழுந்த வண்டி. நல்லாவே விழுந்திருக்கு" என்றார். ஃபேரிங்கைக் கழற்றியதும் உள்ளே தாங்கும் பிராக்கெட்டில் வெல்டிங் தெரிந்தது. ரேடியேட்டருக்குள், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் பச்சை நிறமே இல்லை, டீ டிகாஷன் மாதிரி துருத் தண்ணீர். ரேடியேட்டர் ஃபேனின் மோட்டார் எரிந்து போயிருந்தது. அதற்குப் போகும் ஒயரை வெட்டி, டேப் சுற்றி, உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். அந்த டேப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தெரியாமல் விற்றார்கள் என்று சொல்ல இனி வழியே இல்லை.

முக்கு வரை போய் வந்தால் ஃபேன் ஓட வேண்டிய அவசியமே வராது. பெட்ரோல் கம்மி என்றது அதற்குத்தான். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்ததற்கும் காரணம் இருந்தது. இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்து தண்ணீர் உள்ளே இறங்கியிருந்ததால், காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை நிற்காமல் வரும்.

ஆர்சி என் பெயருக்கு மாறிய பிறகு சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். 2021-ல் கடைசியாக சர்வீஸுக்கு வந்தபோதே 36,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். கிரிப்பும் ரப்பரும் ஏன் புதுசு என்பது அப்போது புரிந்தது. தேய்ந்ததைப் பார்த்தால் யாரும் 18,000 என்று நம்ப மாட்டார்கள். கடையில் போய்க் கேட்டதற்கு, "செகண்ட்ஸ் வண்டி சார், உள்ளது உள்ளபடிதான். நீங்கதான ஓட்டிப் பாத்தீங்க" என்று பதில். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டுங்கள் என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நீங்கள் இதை முதல் நாளே கேளுங்கள்.

கடைக்குப் போனால் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கூலன்ட் ஓடும் லிக்விட் கூல் வண்டி என்றால் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றும் வரை காத்திருங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகலாம், ஆகட்டும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3417 என்றிருந்தால் 2017-ன் 34-வது வாரம் செய்தது. அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸும் கடனும் பாருங்கள். சர்வீஸ் விவரத்தை உரிமையாளருக்குத்தான் கொடுப்பார்கள், அதனால் விற்பவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். முக்கியமாக, பெட்ரோலை நீங்களே போட்டு, நீங்கள் தினமும் போகும் ரோட்டில், தினமும் போகும் நேரத்தில், பின்னால் உட்காரப் போகிறவரை உட்கார வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வண்டி எடுக்காதீர்கள்.

வண்டி நல்ல வண்டியாகவே இருந்திருந்தாலும், இந்த அரை மணி நேரம் எனக்கு வேறொன்றையும் சொல்லியிருக்கும். முன் ஃபோர்க்கிலேயே தனித்தனியாக மாட்டிய கிளிப்-ஆன் ஹேண்டில் தாழ்வாக இருப்பதால் உடம்பின் எடை மணிக்கட்டில்தான் இறங்குகிறது. துவாக்குடி போய்ச் சேரும்போது வலது கையில் இரண்டு விரல் மரத்துவிடும். ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும் என்பதால் எங்கள் சந்துக்குள் திருப்ப நான்கு முறை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். இதற்குப் பிறகு மூன்று புது வண்டிகளில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஆர்15 வி4-ன் சீட் உயரம் 815 மில்லிமீட்டர், அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் 810, ஜிக்ஸர் எஸ்எஃப் 250-ல் 800. காகிதத்தில் ஒரு விரல் தடிமன்தான் வித்தியாசம். ஆனால் ஜிக்ஸரில் ஹேண்டில் கொஞ்சம் உயரமாக இருப்பதால் முதுகு நிமிர்ந்து நிற்கிறது, ஆர்15-ல் முன்னால் நன்றாகவே சாய வேண்டியிருக்கிறது. ரோட்டில் பாய்ந்து ஓட்டுகிறவருக்கு அது சுகம். தினமும் 50 கிலோமீட்டர் டிராஃபிக்கில் போகிற எனக்கு, ஆசை இருந்தாலும், ஜிக்ஸர் மாதிரியான வண்டிதான் சரி. எடையையும் பாருங்கள். ஆர்15 ஏறத்தாழ 142 கிலோ, ஆர்ஆர் 310 ஏறத்தாழ 174. வாசல் படியில் பலகை வைத்து ஏற்றுகிறவர்களுக்கு அந்த முப்பது கிலோ தினமும் தெரியும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில்தான் பேசினேன், வழி சொன்னார்கள். மீட்டர் 18,400 காட்டும் படத்தைக் கடைக்காரரே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பணமும் வங்கி வழியாகத்தான் போனது. இந்த இரண்டும் சர்வீஸ் சென்டர் விவரமும்தான் என் கையில் இருக்கும் ஆதாரம், அதனால் யாரும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

திருச்சியில் ஸ்போர்ட்ஸ் பைக் பார்த்து வைத்திருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே கூட வருகிறேன். மெக்கானிக் அண்ணனும் டார்ச்சோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.