கழற்றும்போதே தெரிந்துவிடும் கடையின் தரம்

அவிநாசி அருகே முன்னால் சென்ற டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி ஒன்று எங்கள் வேகன் ஆர் காரின் முன்கண்ணாடியைப் பதம் பார்த்தது. பொட்டளவோடு நின்றிருந்தால் ரெசின் என்ற பிசினைச் செலுத்திச் சரிசெய்திருக்கலாம். இரண்டு நாள் வெயிலிலேயே விரிசல் ஒரு சாணுக்கு மேல் ஓடிவிட்டதால், கோவை மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள ஒரு கடையில் கண்ணாடியையே மாற்ற நேர்ந்தது.

புதிய கண்ணாடியை ஒட்டுவதைவிடப் பழையதைக் கழற்றும் விதத்தை வைத்தே கடையை எடைபோட வேண்டும் என்பது என் அனுபவம். முன்பு வைத்திருந்த காரில் வேறொரு கடையினர் கத்தியை உலோகச் சட்டத்தின் மேலேயே இழுத்துவிட, பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறி, இரண்டு மழைக்காலத்துக்குள் தண்ணீர் உள்ளே சொட்டத் தொடங்கியது.

இந்தக் கடையில் முதலில் பானட்டையும் டேஷ்போர்டையும் கனத்த துணியால் மூடினார்கள். ஏசி காற்று வரும் துவாரங்களுக்குள் கண்ணாடித் துகள் விழாதபடி அவற்றையும் டேப் ஒட்டி அடைத்தார்கள். வைப்பர் கைகள், அவற்றின் கீழுள்ள பிளாஸ்டிக் மூடி, ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங், உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடி எல்லாம் கழன்ற பிறகு, ஒரு மூலையில் பசையைத் துளைத்து முறுக்குக் கம்பியை நுழைத்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயுமாக ரம்பம் இழுப்பதுபோல் மாறி மாறி இழுத்து அறுத்தார்கள். மூலைகளில் மட்டும் வேகத்தைக் குறைத்தார்கள். அங்கேதான் கம்பி பெயின்டில் பதியும் என்றார் மூத்த மெக்கானிக். சக்‌ஷன் கப் வைத்துக் கண்ணாடியைத் தூக்கியபின் பழைய பசையை அடியோடு சுரண்டாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு மழித்து, கீறல் கண்ட ஓரிடத்தில் பிரைமர் பூசினார்கள். விபத்தின்போது கூரையைத் தாங்குவதிலும், விரியும் பயணி பக்க ஏர்பேகுக்கு முட்டுக் கொடுப்பதிலும் முன்கண்ணாடிக்குப் பங்கு இருப்பதால், இந்தப் பசை விஷயத்தில் அலட்சியம் கூடாது.

குறைகளும் உண்டு. வெளியே நின்றவர் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க, உள்ளே தலைக்கு நேரே கம்பி இழுத்த இளைஞருக்கு அது இல்லை. பில் போடும் இடத்தில் ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுக்கலாம் என்றார்கள். மெக்கானிக்கோ பசை இறுக மாலை வரை பொறுக்கச் சொன்னார். நான் மெக்கானிக் சொன்னதையே கேட்டேன். கதவை ஓங்கி அடைத்தால் உள்ளே அழுந்தும் காற்று கண்ணாடியைத் தள்ளும் என்பதால், ஜன்னலைச் சற்றே இறக்கி வைக்கவும், இரண்டு நாள் தண்ணீர் அடித்துக் கழுவாமல் இருக்கவும் அவரே அறிவுறுத்தினார்.

மொத்தம் 6,500 ரூபாய் ஆனது. காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை என்றாலும், எப்படியும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாயையும், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும், கைவிட்டுப் போகக்கூடிய தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸையும் கணக்கிட்டு நானே செலுத்திவிட்டேன்.

பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கணியூர் சுங்கச்சாவடியில் கூடுதல் கட்டணம் செலுத்தியபோதுதான் எனக்கே அது உறைத்தது. வங்கியில் மாற்று டேக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அதன்பின் பெய்த மூன்று கனமழைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.