போட் ஒதறுதா? போன் ஆப், ஃபில்லர் கேஜ், லேத் பட்டறை: எது உண்மையைச் சொல்லுது

காரைக்குடியில உக்காந்துக்கிட்டு இவனுக்கு என்னடா போட் பஞ்சாயத்துன்னு நெனைப்பீங்க. மச்சானுக்கும் எனக்கும் தொண்டியில ஒரு மரப்படகுல பங்கு இருக்கு, பழைய 4 சிலிண்டர் டீசல், 2க்கு 1 கியர்பாக்ஸ், 3 இலை புரொப்பல்லர். போன சீசன்ல ஷாஃப்டுல (கியர்பாக்ஸையும் புரொப்பல்லரையும் இணைக்கிற தண்டு) வலைக்கயிறு சுத்தி அதை வெட்டி எடுத்ததுல இருந்து 1500 ஆர்பிஎம் தாண்டுனா போதும், டீ கிளாஸ் தானா நடந்து பலகை ஓரத்துக்குப் போயிரும், அந்த அளவுக்கு ஒதறல்.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மெக்கானிக் ஒருத்தர் பாத்த உடனே இன்ஜினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் போச்சுன்னாரு, நாலையும் மாத்துனோம், ஒதறல் அப்படியேதான் இருந்துச்சு. மச்சான் ஆரம்பத்துல இருந்தே புரொப்பல்லர்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. சரி யாரையும் நம்ப வேணாம், என்னென்ன வழியில கண்டுபிடிக்கலாமோ அத்தனையும் பாத்துருவோம்னு எறங்குனேன்.

மொதல்ல காசே இல்லாத வழி, கையும் காதும். நியூட்ரல்ல வச்சு 1800 வரைக்கும் ஏத்துங்க. அப்பவும் ஒதறுனா இன்ஜின், மவுண்ட் பக்கம் போங்க, கியர் போட்டா மட்டும் ஒதறுனா கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் சேக்கிற கப்ளிங்ல இருந்து பின்னாடி இருக்கிற எல்லாமே சந்தேக லிஸ்ட்ல வந்துரும். இந்த அஞ்சு நிமிஷத்தை நாங்க மொதல் நாளே பண்ணியிருந்தா அந்த நாலு மவுண்ட் காசு மிச்சம். எங்க போட் நியூட்ரல்ல பசு மாதிரி நின்னுச்சு. இந்த வழியில ஒரே குறை, பாதி ஊரைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. அதோட டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் நாசில் கோளாறா இருந்தா சில நேரம் லோடு ஏறுனாத்தான் தெரியும், அதனால நியூட்ரல்ல நல்லா ஓடுது, இன்ஜின் சுத்தம்னு சத்தியம் பண்ணிறாதீங்க.

அடுத்தது போன் ஆப். எனக்கு இதுல ரொம்ப ஆசை, மச்சானுக்குச் சிரிப்பு. போனை கியர்பாக்ஸ் மேல டேப் போட்டு இறுக்க ஒட்டி வச்சா ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுன்னு கிராஃப் போட்டுக் காட்டும். கணக்கு லேசுதான். 1800 ஆர்பிஎம்னா இன்ஜின் செகண்டுக்கு 30 சுத்து, 2க்கு 1 கியர்ல ஷாஃப்ட் 15 சுத்து, 3 இலைன்னா இலை அடிக்கிறது 45. கிராஃப் 15ல முட்டுனா ஷாஃப்ட் வளைவு, இலை பேலன்ஸ், ஃபிளாஞ்ச் (கப்ளிங்ல முகத்தோட முகம் சேர்ற வட்டத் தட்டு) மாதிரி சுத்துக்கு ஒரு தடவை உதைக்கிற சாமான். 30ல முட்டுனா, அதாவது ஷாஃப்ட் சுத்துக்கு ரெண்டு தடவைன்னா, அலைன்மென்ட் (இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கிறது) மேல சந்தேகம். 45ல முட்டுனா புரொப்பல்லர் ஹல்லுக்கு (படகோட அடி உடம்பு) ரொம்ப ஒட்டி ஓடுதான்னு பாக்கணும்.

எங்களுக்கு 15ல பனைமரம் மாதிரி ஒரு கோடு. ஆஹா பிடிச்சாச்சுன்னு துள்ளுனேன், ராத்திரி படுத்து யோசிச்சப்பதான் புத்தி வந்துச்சு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சிலிண்டர் சரியா எரியலைன்னா ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை உதைக்கும், அதாவது 30ல பாதி, அதுவும் 15தான்! 2க்கு 1 கியர் வச்சிருக்கிறவங்களுக்கு ஆப் இந்த இடத்துல கையை விரிச்சிரும், வளைஞ்ச ஷாஃப்டும் எரியாத சிலிண்டரும் ஒரே கோடுதான். அதே மாதிரி 30லயும் இன்ஜினும் அலைன்மென்டும் கலந்து கெடக்கும். கியர் விகிதம் 2.5 மாதிரி இருந்தா கோடு தனித்தனியா விழும், அவங்க குடுத்து வச்சவங்க. அதோட இப்ப வர்ற ஆண்ட்ராய்டு போன்ல ஆப் தனி அனுமதி வாங்கலைன்னா செகண்டுக்கு சுமார் 200 தடவைதான் அளக்க விடும், அதுல 100க்கு மேல இருக்கிற அதிர்வை நம்ப முடியாது, கியர் பல்லு, பால் பேரிங் விவகாரமெல்லாம் போனுக்கு எட்டாது. கடைசில சந்தேகத்தைத் தீர்த்தது பழைய வைத்தியம்தான், லோடுல ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசா லூஸ் பண்ணிப் பாத்தோம் (டீசல் பீச்சும், மூஞ்சியைக் கிட்ட கொண்டு போகாதீங்க), நாலுலயும் சத்தம் எறங்குச்சு, நாலும் உயிரோட இருக்கு. அப்ப இன்ஜின் இல்லை.

இப்ப ஃபில்லர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடுக் கட்டு. என்னைக் கேட்டா இதுக்குத்தான் மாலை போடணும். கப்ளிங் போல்ட்டைக் கழட்டி ரெண்டு ஃபிளாஞ்சையும் முத்தம் குடுக்கிற மாதிரி ஒட்டக் கொண்டு வந்து மேல, கீழ, ரெண்டு பக்கமும் தகடு விட்டு கேப் பாக்கணும். பழைய கணக்கு என்னன்னா ஃபிளாஞ்ச் எத்தனை இன்ச் அகலமோ அத்தனை தவ் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம், தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒண்ணு, லேத்காரங்க பாஷை. 4 இன்ச் ஃபிளாஞ்சுக்கு 4 தவ், அதாவது 0.1 மில்லிமீட்டர், கொஞ்சம் தடிச்ச பேப்பர் அளவு. போல்ட்டைக் கழட்டுன ஷாஃப்ட் சொந்த எடையில தொங்கும், அதை முட்டுக்குடுத்துத் தூக்கி வச்சுட்டுத்தான் அளக்கணும், இல்லைன்னா கீழ பொய்யா கேப் காட்டும். முக்கியமா இதைப் போட் தண்ணியில மிதக்கும்போது பண்ணுங்க. கரையேத்துன மரப்படகு உக்காந்த இடத்துக்குத் தக்கன வளைஞ்சிருக்கும், கரையில ஜம்முனு வச்ச அலைன்மென்ட் தண்ணியில எறக்குன மறுநாள் காணாமப் போயிரும்.

எங்களுக்குக் கீழ 14 தவ் கேப். மச்சான் உடனே இன்ஜினைத் தூக்கி அடியில ஷிம் தகடு வைப்போம்னு ஸ்பேனரை எடுத்துட்டாரு. இருங்க அத்தான்னு நிறுத்தி, கியர்பாக்ஸ் பக்கத்தை அசைக்காம ஷாஃப்டை மட்டும் கால் சுத்து திருப்புனேன். கேப் கீழயே நின்னா இன்ஜின் உக்காந்த இடம் தப்பு. ஆனா எங்க 14 தவ் ஷாஃப்டோடவே சுத்தி இடது பக்கம் வந்து நின்னுச்சு. இன்னொரு கால் சுத்து, மேல. தப்பு ஷாஃப்ட் பக்கம், ஒண்ணு ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, இல்ல அதுல மாட்டியிருக்கிற ஃபிளாஞ்ச் கோணல். ஷிம் வச்சிருந்தா நல்லா இருந்த இன்ஜினையும் சாச்சு வச்சிருப்போம்.

புரொப்பல்லர் டெஸ்டும் பண்ணோம், மச்சான் விடணும்ல. கரையேத்தி ஹல்லுல ஒரு குச்சியை அடிச்சு இலை நுனிக்கும் குச்சிக்கும் உள்ள தூரத்தை மூணு இலைக்கும் அளந்தா எது வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிரும், மூணும் ஒண்ணுபோலதான் இருந்துச்சு. தண்ணிக்குள்ள ஷாஃப்டைத் தாங்குற ரப்பர் பேரிங், கட்லஸ் பேரிங்கையும் ஷாஃப்டைப் பிடிச்சு ஆட்டிப் பாத்துக்கிட்டோம், நம்ம பக்கம் சேத்துத் தண்ணியில அந்த ரப்பர் சீக்கிரம் தேயும்.

கடைசி ரெண்டு வழியும் ஷாஃப்டை உருவுனப்புறம்தான். ஒண்ணு எங்க வளவுல ஆத்தங்குடிக் கல்லு தரையில ஷாஃப்டை உருட்டி அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாத்தது. அந்தக் கல்லைக் கண்ணாடி மேல கவுத்துதான் செய்வாங்க, வழவழன்னு இருக்கும், ஆனா கல்லு சமமா இருந்தா தரை சமமா இருக்குமா, நூறு வருஷத் தரைங்க. கண்ணுக்குத் தெரியுற வளைவுக்குத்தான் இது ஆகும். பலன், ஆச்சிகிட்ட கிரீஸ் கறைக்கு வாங்குன திட்டு மட்டும்தான்.

இன்னொண்ணு லேத் பட்டறை, V பள்ளம் உள்ள பிளாக்குல ஷாஃப்டைப் படுக்க வச்சுச் சுத்தி, எவ்வளவு ஆடுதுன்னு முள்ளு காட்டுற டயல் கேஜ்ல பாக்கிறது. இதுக்கு மேல துல்லியம் வேணாம், ஆனா போட் கரையேத்துற கூலி, வண்டி வாடகை, ஒரு வாரம் தொழில் நிக்கிறது எல்லாம் சேத்துப் பாத்தா இதை மொதல்ல பண்றவன் காசுக்காரன். ஷாஃப்ட் 2 தவ்தான் ஆடுச்சு, நேரா இருக்கு. ஃபிளாஞ்சை மாட்டிச் சுத்துனா முள்ளு எகிறுது. கயிறு வெட்டுன அன்னைக்குக் கழட்டுறதுக்கு அதை யாரோ சுத்தியல்ல போட்டு அடிச்சிருக்காங்க, ஓரத்துல தழும்பு இருந்துச்சு. ஷாஃப்டுல மாட்டுன வாக்குலயே ஃபிளாஞ்ச் முகத்தைக் கடைஞ்சு தரச் சொன்னேன், தனியா கடைஞ்சா மாட்டும்போது மறுபடி கோணல் வரும்.

தண்ணியில எறக்கி ரெண்டு நாள் விட்டு அலைன்மென்ட் பாத்தோம், 3 தவ்ல நின்னுச்சு. 1800ல டீ கிளாஸ் இருந்த இடத்துலயே இருக்கு. போன்ல 15ல சின்னதா ஒரு குச்சி இன்னும் நிக்குது, மச்சான் அதைக் காட்டி பாத்தியா, புரொப்பல்லர்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.