மிஷன் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சேலம், ஏற்காடு சபைகளில் இருக்கிற நண்பர்களுக்காக எழுதுகிறேன், முக்கியமாக நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு. 'ஆப்பிரிக்காவில் மருத்துவ ஊழியம்' என்று சொல்லி ஆள் சேர்க்கும் ஒரு குழுவிடம் நானும் எங்கள் ஜெபக்குழுவில் சிலரும் ஏமாந்தோம். அவர்கள் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏற்காட்டில் நடந்த ஒரு தியான முகாமில்தான் முதலில் பேசினார்கள். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு பக்கம் கிராமக் கிளினிக்குகளில் நர்சுகள் இல்லை, பிள்ளைகள் மலேரியாவில் சாகிறார்கள் என்றார்கள். அந்தப் பகுதியில் மலேரியா கடுமை என்பது உண்மைதான். ஒரு நர்சால் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆளுக்கு 1,80,000 ரூபாய். விமானம், விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் அதிலேயே அடக்கம் என்றார்கள். எங்களோடு வந்த ஒரு தங்கச்சியின் அப்பா காபி எஸ்டேட் கூலி. வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டினார். கணக்கு கேட்டால், "காணிக்கைக்குப் பில் கேட்பாங்களா சிஸ்டர்? விசுவாசத்தோட குடுங்க" என்று வாயை அடைத்தார்கள். ரசீதில் 'நன்கொடை' என்றுதான் போட்டார்கள். ஏன் அப்படிப் போட்டார்கள் என்பது பிறகு புரிந்தது.

விசா என்று அவர்கள் எடுத்தது, சுற்றுலாப் பயணி என்று எழுதி வாங்கிய மின்னணுப் பயண அனுமதி. கென்யாவில் 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் அதுதான் நடைமுறை. ஊர் பார்க்க அது போதும். சமயப்பணி, அறப்பணி செய்ய அங்கே தனி அனுமதி உண்டு. சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் மூச்சு விடவில்லை. போவதற்கு 10 நாள் முன்னதாகப் போட்டுச் சான்று வைத்திருக்காவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் நிறுத்தி 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா விசாரித்துச் சொன்னதால், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு நாங்களாகவே போய்ப் போட்டுக்கொண்டோம்.

நைரோபியில் இறங்கியதும், பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. எந்தத் தலைவரும் அதைப் பிடித்து வைக்கக் கூடாது.

எனக்கு இன்னும் ஆறாதது அந்தக் கிராமத்துப் போதகரை நினைத்துத்தான். அவர் நர்சுகளைக் கேட்கவே இல்லை. பள்ளிக்குக் கூரை போட இந்தியாவிலிருந்து பணத்தோடு ஒரு குழு வருகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும், கூரை வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். எங்களிடம் ஒரு சொல் இல்லை. சபைப் பெண்கள் தங்கள் வீட்டுக்கே போதாத நிலையிலும் உகாலிக் களியும் ஏரி மீனும் சமைத்துப் போட்டார்கள். பக்கத்துக் கிளினிக் நர்சம்மா, கென்ய நர்சிங் கவுன்சில் உரிமம் இல்லாமல் நோயாளியைத் தொட விட முடியாது என்று பக்குவமாகச் சொன்னார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அப்புறம் எங்களைக் கூட்டிப்போனவர்கள் எங்களை ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வைத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களைக் காட்டித்தான் இப்போது அடுத்த குழுவுக்கு வசூல் நடக்கிறது.

திரும்பி வர டிக்கெட்டும் போடவில்லை. வீட்டிலிருந்து மறுபடி பணம் வாங்கித்தான் ஊர் வந்து சேர்ந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதைக் காட்டி, "நன்கொடையைத் திருப்பித் தர மாட்டோம்" என்கிறார்கள். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டுமே என்றால், "இது வேலை இல்லை, ஊழியம்" என்று நழுவுகிறார்கள். சேலம் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் கிளம்புவதாக இருந்தால், அங்குள்ள போதகரோடு நீங்களே வீடியோ காலில் பேசுங்கள். உங்களை எதற்காக அழைத்தார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். எந்த வகை அனுமதி எடுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். திரும்பும் டிக்கெட் உண்மையா என்று விமான நிறுவனத்திலேயே சரிபாருங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் யுபிஐ பதிவையும், 'பயணக் கட்டணம்' என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். நன்கொடை என்ற பேச்சுக்கு அதுதான் பதில். நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்; நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே குழுவிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட வாருங்கள்.